குழந்தை எடைக்கு அரிசி

அது அரிசிதான் அக்கா, ஆனால் சோறாக்க இல்லை. தள்ளி வைத்துவிட்டுத் தாராளமாக உட்காருங்கள். அந்தக் கடைசி நாற்காலி மட்டும் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இங்கே வருகிறவர்களே ஆடிக்கொண்டுதான் வருகிறார்கள், அவர்களுக்கென்று பார்த்து ஆடுகிற நாற்காலியைப் போட்டிருக்கிறார்கள்.

இன்றைக்குத்தான் முதல் தடவையா? உள்ளே போனது உங்கள் வீட்டுக்காரரா? பார்த்தேன், சுவரைத் தடவிக்கொண்டே போனார். பக்கவாதமா. பேச்சு நன்றாகத்தானே இருக்கிறது, அது போதும். என்ன வேலை பார்த்தார்? கண்டக்டரா. அப்படியென்றால் கவலையே படாதீர்கள், கணக்கு நன்றாக வரும். சிரிக்காதீர்கள் அக்கா, நிஜமாகத்தான் சொல்கிறேன். காலுக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் கணக்கு எதற்கு என்று நானும் முதலில் இப்படித்தான் சிரித்தேன்.

என் பெயர் வினோதினி. அதோ, தண்ணீர் கேன் பக்கத்தில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அது என் மாமியார். மடியில் இருப்பது என் பெண். பெண் அங்கே இருக்க நான் ஏன் இங்கே அரிசிப் பையோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லவேளை. மற்றவர்கள் எல்லாம் கேட்பார்கள். பால் குடிக்கிற நேரத்துக்கு மட்டும்தான் அவள் என்னிடம் வருவாள். அப்போதும் நான் உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அவள் குடித்து முடித்து ஏப்பம் விடுவதற்குள், "குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அத்தை கையை நீட்டிவிடுவார்கள். நல்ல மனுஷி. அதுதான் கஷ்டம். திட்டினால் மனதுக்குள்ளாவது பதிலுக்குத் திட்டலாம்.

எனக்குக் கை கால் ஒன்றும் விழவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிறவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிரசவம் ஆகி அம்மா வீட்டில் இருந்தேன். தலைவலி வந்தது. மண்டைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிறகு ஒரு நாள் வலிப்பு வந்துவிட்டது. மூளையிலிருந்து திரும்பி வருகிற ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துபோயிருந்ததாம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "பிள்ளை பெத்தவளுக்கு ஒழுங்கா தண்ணி குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். வயிறு பெருத்துவிடும் என்று எங்கள் வீட்டில் தண்ணீரை மடக்கு மடக்காகத்தான் கொடுத்தார்கள். அம்மா இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

பிழைத்துவிட்டேன். நினைவு வந்தது, பேச்சு வந்தது, நடையும் வந்தது. ஆனால் பழைய நடை வரவில்லை. காலை அகட்டி வைத்து, ஒவ்வொரு அடியாக, கோலத்துப் புள்ளியை மிதித்துவிடுவோமோ என்று பயப்படுகிற மாதிரி ஒரு நடை. அதுவும் யாரும் பேசாதவரைக்கும்தான். பின்னாலிருந்து யாராவது "வினோ" என்று கூப்பிட்டுவிட்டால் போதும், தரை ஒரு பக்கம் சரிந்துவிடும். தெருமுனையில் மருந்துக் கடைக்குப் போனபோது பெஞ்சில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "பொம்பளைங்களும் குடிக்க ஆரம்பிச்சிட்டாங்களா, அதுவும் காலங்காத்தால" என்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். நான் மாத்திரையை வாங்காமலே திரும்பிவிட்டேன். மாத்திரை இல்லாமல் ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டதற்கு, ஸ்டாக் இல்லையாம் என்று சொன்னேன்.

அப்புறம்தான் இங்கே வந்தோம். இங்கே நடை பழக்குகிற பெனசீர் மேடம் முதல் நாளே சொன்னார்கள். "நடக்கிறதுக்கு யோசனையே தேவையில்லைன்னு நினைக்கிறோம் வினோதினி. அது நல்லா இருக்கறவங்களுக்கு. உங்களுக்கு இப்ப ஒவ்வொரு அடியையும் மூளை பாத்துப் பாத்துத்தான் வைக்குது. நடுவுல ஒரு கேள்வி வந்தா, அடியை அப்படியே விட்டுட்டுக் கேள்வி பின்னாடி ஓடிடுது. அதனால கால் தனியா, மூளை தனியா பழக்க முடியாது. ரெண்டையும் சேத்துத்தான் பழக்கணும்."

நன்றாகத்தான் சொன்னார்கள். ஆனால் நான் காதில் வாங்கிக்கொண்டது ஒன்றுதான். கேள்வி கேட்கப் போகிறார்கள்.

அக்கா, நான் படித்தது கான்வென்ட்டில். எங்கள் சிஸ்டர் ஆக்னஸ் வகுப்புக்குள் வந்ததும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். கேள்வி கேட்பார்கள். பதில் சொன்னவள் உட்காரலாம். சொல்லாதவள் மணி அடிக்கிறவரைக்கும் நிற்க வேண்டியதுதான். பத்தாவது முடிகிறவரை நான் நின்றதே கிடையாது. உட்கார்ந்துகொண்டு, நிற்கிறவர்களுடைய கால்களைப் பார்ப்பேன். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது கொஞ்சம் பிடிக்கவும் செய்யும். பொய் சொல்வானேன்.

கேள்வி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பாடம் இருக்கும். பாடம் இருந்தால் மனப்பாடம் செய்துவிடலாம். இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான், உள்ளே போய் வருகிறவர்களிடமெல்லாம் மேடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். போன வருஷத்துக் கேள்வித்தாளை அக்காமார்களிடம் வாங்கிப் படிப்போமே, அந்த மாதிரி. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்க வேண்டும். காய்கறிப் பெயர் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 'க'வில் தொடங்குகிற வார்த்தை, 'ப'வில் தொடங்குகிற வார்த்தை. அவ்வளவுதான். எல்லாரிடமும் சுற்றிச் சுற்றி இதுதான்.

அம்மா வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் உருப்போட்டேன். நைன்ட்டி த்ரீ, எய்ட்டி சிக்ஸ், செவன்ட்டி நைன், செவன்ட்டி டூ, சிக்ஸ்டி ஃபைவ். கழிக்கவே வேண்டாம், தானாக வரும். டிசம்பர், நவம்பர், அக்டோபர். கத்தரி, கருணை, கோவைக்காய். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "பழையபடி படிக்க ஆரம்பிச்சிட்டா" என்று என் வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொன்னாள்.

அதில் தப்பு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். பரீட்சைக்குத் தயார் செய்வது தப்பா?

இந்த அரிசி அப்போது வந்ததுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பழகுவதற்கு முதலில் குழந்தை எடைக்கு ஏதாவது தூக்கிப் பழக வேண்டும் என்று மேடம் சொன்னார்கள். அம்மா ஒரு பழைய தலையணை உறையில் அரிசியைப் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். பாப்பா வளர வளர அம்மா ஒரு ஓரத்தைப் பிரித்து, கொஞ்சம் அரிசி சேர்த்து, திரும்பத் தைத்துவிடுவாள். நான் இதைத் தோளில் சாய்த்துக்கொண்டு இங்கே வராண்டாவில் நடப்பேன். மேடம் கூடவே வருவார்கள். "ஏழு கழிங்க." நைன்ட்டி த்ரீ, எய்ட்டி சிக்ஸ். ஒரு தள்ளாட்டம் கிடையாது. பக்கத்தில் நடந்த பெரியவர் ஒருவர், வாழைக்காய்க்கு அடுத்து என்ன காய் என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் அவரைக் கடந்து போவேன்.

"நல்லா பண்றீங்க வினோதினி" என்று மேடம் சொன்னார்கள். பிறகு என் காலைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் ரொம்பவே நல்லா பண்றீங்க. இன்னிக்கு தொண்ணூத்தி ஏழுலேருந்து ஆரம்பிப்போமா?" என்று கேட்டார்கள்.

தலை வலிக்கிறது மேடம் என்றேன். எனக்கு வந்த நோய்க்கு, தலை வலிக்கிறது என்று சொன்னால் யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த வாரமே என் வீட்டுக்காரர் வந்து, "அஞ்சாம் மாசம் பொறக்கறதுக்குள்ள வீட்டுக்கு அழைச்சிட்டு வந்துடச் சொல்றாங்க அம்மா, இவளே பாப்பாவைத் தூக்கிட்டு உள்ள வரலாமா மேடம்?" என்று கேட்டார். ரெக்கார்டில் எல்லாம் நன்றாக இருந்தது. மேடம் யோசித்துவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கட்டும், அவசரப்படாமல் நடக்கட்டும் என்றார்கள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. பிள்ளை பெற்றவள் முதல் தடவை புகுந்த வீட்டுக்கு வருகிறபோது, வாசலில் நிற்க வைத்து ஆரத்தி எடுப்பார்கள். பிள்ளையை அவள்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போக வேண்டும். அந்த ஒன்றைத்தான் நான் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு அவளைத் தூக்கி வந்தது சித்தி. குளிப்பாட்டுகிறது அம்மா. தடுப்பூசிக்கு எடுத்துப் போனது அவர். வாசப்படியையாவது என் கையில் இருந்துகொண்டு தாண்டட்டும் என்று நினைத்தேன். இதற்கு ஆசைப்படக் கூடாதா?

போனோம். அந்தத் தெருவே வந்திருந்தது. வலது பக்கம் அவர் நின்றார். அத்தை ஆரத்தித் தட்டைச் சுற்றினார்கள். நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் ஆரம்பித்துவிட்டேன். நைன்ட்டி த்ரீ, எய்ட்டி சிக்ஸ். எனக்கு அப்படிச் சொல்லிக்கொண்டே நடந்துதான் பழக்கம், அது ஒரு பிடிமானம். வலது காலைத் தூக்கினேன்.

அப்போது என் நாத்தனார் வந்து வாசலை மறித்துக்கொண்டாள். பூங்கொடி அண்ணி. அந்த வீட்டு வழக்கம் அது. கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, "நில்லு நில்லு. என் பையனுக்கு உன் பொண்ணைத் தருவேன்னு சொல்லு, அப்பத்தான் உள்ள விடுவேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டம்மா ஒருவர், "சும்மா சொல்லிடாத வினோதினி, பவுனா கேளு, பவுனா கேளு" என்றார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

என்ன சொல்வது? தருகிறேன் என்றால் போதும். தரமாட்டேன் போங்க என்றாலும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். இரண்டில் எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "செவன்ட்டி நைன்."

சத்தமாக. கான்வென்ட்டில் சொல்லிக் கொடுத்த உச்சரிப்போடு.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் தூக்கின கால் எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நிலைப்படி என் பக்கம் எழும்பி வந்த மாதிரி இருந்தது. நான் இடது பக்கம் சாய்ந்தேன், அவர் வலது பக்கம் நின்றார். ஆரத்தித் தட்டு கவிழ்ந்து சிவப்புத் தண்ணீர் முழுக்கப் பாப்பா சட்டையில் கொட்டியது. ரத்தம் என்று யாரோ கத்தினார்கள். நான் நிமிர்ந்து பார்க்கும்போது தரையில் இருந்தேன். பாப்பா அண்ணியின் கையில் இருந்தாள். மறிப்பதற்காக நீட்டிய அதே கையால் பிடித்துவிட்டிருக்கிறாள். பாப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. அழக்கூட இல்லை, அண்ணியின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் அண்ணியைத்தான் புகழ்கிறார்கள். அவள் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்கிறார்கள். நான் கேட்கிறேன், அவள் அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பிடிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காதே? அன்றிலிருந்து அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வாராவாரம் பாப்பாவுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வருகிறாள். வந்தால் கூடத்தில் உட்காராமல் அடுப்படியிலேயே நின்றுவிட்டுப் போகிறாள். அத்தை ஒரு நாள், "அவளும் சரியா சாப்பிடறது இல்லம்மா" என்று மட்டும் சொன்னார்கள். அவள் ஏன் சாப்பிடாமல் இருக்க வேண்டும்? விழுந்தது நான்.

விழுந்ததுகூட எனக்கு வெட்கமில்லை அக்கா. விழுகிறது எல்லாருக்கும் உள்ளதுதான். அந்த நம்பர் இருக்கிறதே. அண்ணியின் வீட்டுக்காரர் முழுவதையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வளைகாப்பு, கல்யாணம் என்று அவர்தான் எல்லாவற்றையும் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவார். பழக்க தோஷத்தில் இதையும் போட்டுவிட்டார். உடனே எடுத்தும் விட்டார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். அதில் என் முகம்... தப்பாகப் பதில் சொன்னவள் முகம் மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு பார்த்தேன். அப்படி இல்லை. சரியாகச் சொல்லிவிட்டோம் என்கிற முகம். அடுத்தது என்ன என்று கேட்கிற முகம். என் பெண் கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறாள், நான் மார்க் வாங்கினவள் மாதிரி நிற்கிறேன்.

யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களைத் திரும்பப் பார்க்கப் போகிறேனோ இல்லையோ, சொல்லிவிட்டேன்.

அந்தத் தெருவில் இப்போது என் பெயர் என்ன தெரியுமா? 'மூளை கலங்கின மருமக'. நேரில் சொல்ல மாட்டார்கள். காய்காரம்மா என்னிடம் பேசும்போது மட்டும் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறாள். "தக்... காளி... அரைக்... கிலோவா?" நான் எம்.காம். படித்தவள்.

திரும்ப இங்கே வந்தேன். மேடத்திடம் படி தடுக்கிவிட்டது என்றேன். ஆனால் என் வீட்டுக்காரர் நடந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டார், நம்பர் உட்பட. மேடம் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார்கள். "நான்தான் கவனிச்சிருக்கணும்" என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து கேள்வியெல்லாம் மாறிவிட்டது. நான் அரிசியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, "நேத்து என்ன கனவு வந்துச்சு?" என்பார்கள். "மாமியார் வைக்கிற ரசம் நல்லா இருக்குமா, அம்மா வைக்கிறதா?" என்பார்கள். அத்தை இங்கேயே உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறார்கள் அக்கா. "உங்க நாத்தனார் எப்படி இருக்காங்க?" என்று ஒரு நாள் கேட்டார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா? சிலபஸிலேயே இல்லாததைக் கேட்டால் யாரால்தான் பதில் சொல்ல முடியும்? என்னை வேண்டுமென்றே விழ வைக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆரம்பத்தில் பழைய கேள்விகள்தான் வரும். நூறு, காய்கறி, மாதம். நான் வரிசையாகச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் போய் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். சீக்கிரம் பாஸாகிவிடலாம்.

ஏன், வேண்டாமா?

அதோ பாருங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தார். மேடம் ஏதோ கேட்டுவிட்டார்கள். நின்றுவிட்டார் பாருங்கள். கை கம்பியைத் தேடுகிறது.

என்ன சொன்னீர்கள்? பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடிக்கவே மாட்டாரா? அவ்வளவு கூட்டத்திலுமா? ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, டிரைவர் பிரேக் அடித்தாலும் அசைய மாட்டாரா. முன்னால் இருந்து ஒருத்தி இந்த ஊர் போகுமா என்பாள், பின்னால் இருந்து ஒருத்தன் பாக்கி எங்கே என்பான், நடுவில் ஒரு கிழவர் என்னை எங்கே இறக்கிவிடுவாய் என்பார். அத்தனைக்கும் பதில் சொல்லிக்கொண்டே நடப்பாரா.

அதை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது, இல்லையா. எந்த ஸ்டாப்பில் யார் ஏறி என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

இல்லை, சும்மா யோசித்தேன். ஒன்றுமில்லை.

என்னைக் கூப்பிடுகிறார்கள். இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் முக்கியமான நாள். அரிசியோடு வராண்டாவின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து திரும்ப வேண்டும். மேடம் வாயில் வந்ததைக் கேட்டுக்கொண்டே வருவார்கள். நிற்காமல் வந்துவிட்டால் அடுத்த முறை அரிசிக்குப் பதில் பாப்பாவையே கொடுக்கலாம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். அத்தை சரி என்றார்கள். அவர்கள் கை மட்டும் பாப்பாவைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன். எழுந்திருக்கிறது மட்டும் மெதுவாகத்தான் வரும். இதோ. தலையைத் தோளில் சாய்த்து... தலையா, அரிசிக்கு ஏது தலை, பழக்கமாகிவிட்டது. அத்தையும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள், நான் நடக்கும்போது பார்க்க வேண்டுமாம். உங்களைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறாள். எல்லாரிடமும் அப்படித்தான், புது முகமே கிடையாது அவளுக்கு.

பாப்பா பெயரா?

தெரியும் அக்கா. தெரியாமல் இல்லை. நான் வைத்த பெயர்தான். கொஞ்சம் இருங்கள். மேடம், ஒரு நிமிஷம். அத்தை, பிடிக்க வேண்டாம், விழவில்லை, நானாகத்தான் உட்கார்கிறேன்.

இதோ, உட்கார்ந்துவிட்டேன். இப்போது கேளுங்கள்.

ஆதிரை.